எத்தியோப்பியா: வானில் வந்தது வகுப்பறை, கைக்கு வரவில்லை தொலைபேசி

புது தில்லி: எத்தியோப்பியத் தலைநகர் ஆடிஸ் அபாபாவின் பல்கலைக்கழக மாணவர்கள், 2007-ம் ஆண்டு திரைமுன் அமர்ந்து தில்லி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. பாடங்களைக் கேட்டனர். நகரின் பிளாக் லயன் மருத்துவமனை ஐதராபாதின் கேர் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டு, நோயாளிகளைப் பற்றி இரு தரப்பு மருத்துவர்களும் கலந்தாலோசிக்க வழி ஏற்பட்டது.

ஆனால், இத்திட்டம் அவ்வாண்டு ஜூலையில் தொடங்கியபோது, அந்நாட்டில் செல்போன் வைத்திருந்தவர்களால் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்ப இயலவில்லை. 2005 தேர்தலைத் தொடர்ந்து வெடித்த போராட்டங்களின்போது அரசு நிறுத்திய அச்சேவை, 2 ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பவில்லை. செல்போன் வைத்திருந்தவர்களும் நூற்றுக்கு இருவருக்குக் குறைவே.

2004-ல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடுகளை இந்தியாவின் மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் இணைக்கும் யோசனையை முன்வைத்தார். மத்திய அரசின் டி.சி.ஐ.எல். நிறுவனத்திடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. எத்தியோப்பியாவில் முன்னோட்டம் முடிந்து, 2009 பிப்ரவரியில் முழுத் திட்டத்தை அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி தில்லியில் தொடங்கிவைத்தார். தில்லியிலிருந்து கடலடிக் கேபிள் வழியாக செனகலின் டாக்கார் நகருக்குச் செல்லும் தகவல், அங்கிருந்து செயற்கைக்கோள் மூலம் பல நாடுகளைச் சென்றடைந்தது. பங்கேற்ற கல்வி நிறுவனங்களில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

தொலைபேசி எத்தியோப்பியாவுக்குப் புதியதன்று. பேரரசர் இரண்டாம் மெனெலிக் காலத்தில், 1894-லேயே தலைநகரையும் ஹரார் நகரையும் இணைக்கும் தந்திப் பாதைக்கான பணி தொடங்கிவிட்டது. பின்தங்கியதற்குக் காரணங்கள் வேறு. 1993-ல் எரித்ரியா பிரிந்தபின் கடற்கரையே இல்லாத நாடாகிவிட்டதால், கடலடிக் கேபிளுக்கு அண்டை நாடுகளை நம்ப வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய காரணம், சேவை முழுவதும் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்ததுதான். கென்யாவில் தனியார் போட்டியால் சேவை பரவி, 2007-ல் செல்போன் வழிப் பணப்பரிமாற்றமே தொடங்கிவிட்ட நிலையில், எத்தியோப்பியாவில் சிம் கார்டுக்கே காத்திருக்க நேர்ந்தது. சீன நிறுவனங்களின் கடனுதவியோடு கோபுரங்கள் பெருகின. போட்டி மட்டும் வரவில்லை.

2021-ல்தான் கதவு திறந்தது. கென்யாவின் சஃபாரிகாம் தலைமையிலான கூட்டமைப்பு 85 கோடி டாலர் செலுத்தி உரிமம் பெற்று, 2022 அக்டோபரில் தலைநகரில் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பே அரசு நிறுவனமான எத்தியோ டெலிகாம், 2021 மே மாதம் "டெலிபிர்" என்ற பணப்பரிமாற்றச் சேவையை அறிமுகப்படுத்திவிட்டது. போட்டியாளர் வரும் செய்தியே விழிக்க வைத்தது போலும்!

இந்தியாவின் செயற்கைக்கோள் திட்டம் 2017-ல் நிறைவுற்றது. அதன் தொடர்ச்சியாக 2019 அக்டோபரில் தில்லி தொடங்கிய இணையவழிக் கல்வி, மருத்துவத் திட்டத்துக்குத் தனி ஆண்டெனா தேவையில்லை. உள்ளூர் இணையம் இருந்தால் போதும். அந்த இணையம் எப்போதும் கிடைக்கும் என்பதற்குத்தான் உறுதியில்லை. உள்நாட்டுப் போர் மூண்ட 2020 நவம்பரில் டிக்ரே மாநிலத்தின் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டது. 2022 நவம்பரில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகு, அங்குள்ள நகரங்களில் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக மீண்டும் ஒலிக்கத் தொடங்கின.