சுவரோவியமும் மல்லிகைத் தொட்டியும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், லாசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் கூடி 2015இல் தொடங்கிய ஓவிய உலாவால் பல சுவர்கள் சித்திரம் பெற்றன. பெலிலியோஸ் சந்தில் பழந்தொழில்களைக் காட்டும் ஓவியமொன்றில் பூக்கட்டுவோரும் உளர். மாணவரை அதன்முன் நிறுத்தி, மாலைக்கு மல்லிகை எங்கிருந்து வருகிறது என்று வினவுக. கடையிலிருந்து என்பர் பலர். பாடம் அங்கே தொடங்குகிறது.

மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பும். ஆகவே பூத்து ஓய்ந்ததும் கிளைநுனிகளைக் கத்தரித்தல் வேண்டும். நாளும் ஐந்தாறு மணி நேர வெயில் படாத அடுக்குமாடித் தாழ்வாரத்தில் இலையே மிகும், பூ அரிது. அவ்விடத்திற்கு நிழல் விரும்பும் வெற்றிலைக்கொடியே தக்கது. தொட்டியடித் தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு முட்டையிடும். இதனைச் சுவர் சொல்லாது. ஆசிரியரே சொல்லல் வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத் தோட்டங்கள் வீடமைப்புப் பேட்டைகள் பலவற்றில் உள. ஓவியம் கண்ட வாரத்திலேயே பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, கையில் மண் படச் செய்க.