உஷார்! கருமணலைத் தொட்டு அமிலமும் வரும்

வாகரை, கதிரவெளிப் பக்கம் இல்மனைட் என்ற கருமணல் அகழ்வை ஊர்ச்சனம் எதிர்த்து நின்றது எல்லோருக்கும் தெரியும். மணல்மேடு போனால் கடல் உள்ளே வரும், கிணறு உவராகும் என்ற பயம் நியாயமானது. 2004 சுனாமியைக் கண்ட கரை அது. ஆனால் நான் பதறுவது அடுத்த கட்டத்தை நினைத்து. “மணலை ஏன் மலிவாக ஏற்றுமதி செய்வான்? இங்கேயே ஆலை போட்டு வெள்ளை நிறமி எடுத்தால் டொலர் வரும், வேலை வரும்” என்ற பேச்சு நாட்டில் நெடுநாளாகவே உண்டு. அந்த ஆலையை மட்டக்களப்பு வாவிப் பக்கம் அண்டவே விடக்கூடாது.

பெயின்ற், பிளாஸ்ரிக், கடதாசி, பற்பசை எல்லாவற்றையும் வெளுப்பாக்கும் டைட்டானியம் டயொக்சைட்தான் அந்த நிறமி. இல்மனைட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு. அதைப் பிரிக்க, அரைத்த மணலைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். ஒரு தொன் நிறமிக்கு மூன்று தொன் அளவுக்கு அமிலம் போகும். மிஞ்சுவது நீர்த்த அமிலமும் பச்சைப் பளிங்கான இரும்புச் சல்பேற்றும். அந்தப் பச்சை உப்பு தண்ணீரில் கரைந்தால் ஒட்சிசனை இழுத்துக்கொண்டு துருச்சேறாய் அடியில் படியும், மீனின் செவுளிலும் ஒட்டும்.

திருவனந்தபுரம் வேளியில் 1951 முதல் நிறமி எடுக்கும் அரசு ஆலையின் அமிலக் கழிவு பல பத்தாண்டுகள் கடலுக்குத்தான் போனது. 2021 பெப்ரவரியில் அங்கிருந்து உலை எண்ணெய் கசிந்து கரையே கறுத்தது. அதுவாவது திறந்த கடல். நமது வாவி 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கு வாசல் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான். கோடையில் மணல் அடைத்துவிட்டால் அதுவும் இல்லை. மாரி வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டும்வரை விட்டது விட்டபடி நிற்கும். இறாலையும் நண்டையும் நம்பி வலை வீசுகிறவன் எங்கே போவான்?

அமிலத்துக்குப் பதில் குளோரீனால் பிரிக்கும் குளோரைட் முறை சுத்தம் என்பார்கள். கழிவு குறைவு, உண்மைதான். ஆனால் குளோரீன் வாயுவும், ஈரக்காற்றுப் பட்டதும் அமிலப் புகையாய்ப் பொங்கும் திரவமும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும்.

வேலை தருகிறோம் என்று நீட்டும் தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல 30 நாள்தான். மீனவர் சங்கங்கள் அறிக்கையைத் தேடி வாங்கி வாசிக்கட்டும். எந்த முறை, எவ்வளவு அமிலம், பச்சை உப்பை எங்கே கொட்டுவீர்கள், கழிவுக் குழாய் எங்கே முடிகிறது? எழுத்தில் கேளுங்கள், ஆட்சேபணையையும் எழுத்திலேயே, அந்த 30 நாளுக்குள் கொடுங்கள்.