சிரிப்பு நூல்களுள் முதலிடம் எதற்கு?

சென்ற விடுமுறையில் மடுல்கெல்லத் தோட்டமொன்றில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தேன். நக்கிள்ஸ் மலைச்சாரலின் மழை வெளியே காலெடுத்து வைக்க விடவில்லை. பொழுது போக்கும் பொருட்டு, "தமிழில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நூல் எது?" என்ற வாதம் எழுந்தது.

தேவன் படைத்த 'துப்பறியும் சாம்பு'வே என்றான் கல்லூரியில் பயிலும் பையன். மூளை மட்டாயிருந்தும் அதிர்ஷ்டத்தாலேயே துப்புத் துலக்கும் சாம்புவை யார்தாம் மறப்பர்! திருவண்ணாமலை வழக்கறிஞர் எஸ்.வி.வி.யின் இல்லறச் சித்திரங்களுக்கு ஈடில்லை என்றார் அவன் தாயார். நான் 'பரமார்த்த குருவின் கதை'யைச் சொன்னேன்.

"அது சிறுபிள்ளைகளின் கதையன்றோ?" என்று பையன் நகைத்தான்.

அன்று, நேயர்களே! தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தைப் பாடிய வீரமாமுனிவரே இதனையும் எழுதினார். இத்தாலியிற் பிறந்த அப்பெரியார், தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமாருக்குப் பயிற்சியாகும் வண்ணம் இதனை எளிய உரைநடையில் அமைத்தார். அவர் மறைந்தது 1747இல்; 1822இல் இந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. இலக்கணப் பயிற்சிக்கென எழுந்த நூல் இத்துணை சிரிப்பூட்டுவது வேறெங்கேனும் உண்டோ, அறியேன்.

நம் வாதத்தைத் தீர்க்கக் குதிரைப் பயணப் பகுதியை உரக்க வாசித்தேன். குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. அவர் ஏவாமையால் சீடர் எவரும் எடுத்திலர். "விழுவதெல்லாம் எடுங்கள்" என்று குரு கடிந்துகொள்ள, குதிரை இட்ட சாணத்தையும் ஏந்தி வருகின்றனர். சலித்த குரு, எடுக்கத்தக்க பொருள்களை ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குதிரை இடறிக் குருவே பள்ளத்தில் தலைகீழாய் விழுகிறார். சீடர் ஓலையைப் பார்த்து வேட்டி முதலியவற்றை எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத குருவை வெற்றுடம்பாய் விட்டுவிடுகின்றனர்! தம் பெயரைத் தாமே எழுதிச் சேர்த்த பின்னரே அவருக்கு விடுதலை.

எல்லோரும் சிரித்தோம். மூலையில் இருந்த அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம பேரும் ஓலையில இல்லாமத்தானே தம்பி கெடந்துச்சு?" என்றார்.

அறை அமைதியாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருமருங்கிலும் பிரித்தது. எஞ்சியோர் பெயர் ஏறுதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாட்கூலியையே 'பேர்' என்றும், கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' என்றும் வழங்கும் மக்களுக்கு ஓலையின் வலிமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இந்நூலைப் படித்தபின், மாணவர்கள் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'நானாடகம்' தேடிப் படிக்கலாம். பேராதனையில் தமிழ் கற்பித்த அவர், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கையே நாடக மொழியாக்கினார். பேச்சு வழக்கைக் கேலிப் பொருளாக்கும் மலிவான சிரிப்புக்கு இஃது எத்துணையோ மேல் என்பது என் கருத்து.

பையன் நூலை மூடப் போனான். அப்பாயி தடுத்தார். "பூசணிக்காயைக் குதிர முட்டைன்னு வாங்குவாங்களே, அதையும் படி. அதுக்குச் சிரிக்கிறேன்."

நான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். மழை விட்டபாடில்லை.