செமீதா: வம்ச அட்டவணைப் பெயரும் நிலப்பகுதிப் பெயரும்

முன்னுரை

விவிலிய வம்ச அட்டவணைகளில் பெயராக மட்டுமே எஞ்சி நிற்கும் மாந்தர் பலர். மனாசே கோத்திரத்தைச் சார்ந்த செமீதா அவர்களுள் ஒருவர். எண்ணாகமம் (26:32), யோசுவா (17:2), முதலாம் நாளாகமம் (7:19) ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே இவர் பெயர் காணப்படுகிறது. இவரது செயலோ சொல்லோ எங்கும் பதிவு பெறவில்லை. எனினும், வம்ச அட்டவணைகளை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்னும் வினாவிற்கு இப்பெயர் விடையளிக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவுமுறையில் முரண்

எண்ணாகமத்தில் செமீதாவும் சேகேமும் கீலேயாத்தின் மைந்தர்; மனாசேக்குக் கொள்ளுப்பேரர். யோசுவா நூல் கீலேயாத்தைக் குறிப்பிடாமல் இருவரையும் மனாசேயின் புதல்வர் வரிசையில் வைக்கிறது. நாளாகமத்திலோ சேகேம் செமீதாவின் மகனாகிறான். தனிமனிதர் வரலாறாகக் கொண்டால் இவை ஒன்றையொன்று மறுக்கும். குலங்களுக்கிடையிலான உறவைக் குருதியுறவின் மொழியில் கூறும் மரபாகக் கொண்டால், இம்மாற்றங்கள் வெவ்வேறு காலத்து அல்லது வெவ்வேறு நோக்கிலமைந்த பதிவுகள் எனலாம்.

சமாரியாவின் பானையோடுகள்

இவ்வாசிப்பிற்கு அகழாய்வு வலுச் சேர்க்கிறது. இஸ்ரவேல் அரசின் தலைநகராயிருந்த சமாரியாவில், ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையிலான ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் 1910இல் மையால் எழுதப்பட்ட பானையோடுகளைக் கண்டெடுத்தனர். கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இவை, தலைநகருக்கு வந்த திராட்சை மதுவையும் எண்ணெயையும் பற்றிய குறிப்புகளாகும். அவற்றுள் பொருள் வந்த பகுதியின் பெயராகச் செமீதா இடம்பெறுகிறது. அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சேகேம், நோவாள், ஒக்லாள் ஆகிய பெயர்களும் அவ்வாறே வருகின்றன.

இறுதி இரண்டும் செலொப்பியாத்தின் புதல்வியர் பெயர்கள். ஆண் வாரிசின்றி இறந்த தந்தையின் பங்கினை ஐந்து சகோதரியரும் மோசேயிடம் கேட்டுப் பெற்றனர் என்பது எண்ணாகமச் செய்தி (27:1-7). இவர்தம் பாட்டனாகிய எப்பேரின் பெயர் ஓடுகளில் பகுதிப் பெயராக வரவில்லை. யோசுவா நூலும் மனாசேக்குப் பத்துப் பங்குகள் விழுந்ததாகக் கூறுகிறது (17:5). எப்பேர் நீங்கலான ஐவர் பங்கோடு பெண்கள் ஐவர் பங்கும் சேர்ந்தாலே இத்தொகை பொருந்தும். பெண்களின் நிலவுரிமை பற்றிய கதையும் அரசின் கணக்கும் இங்கு ஒரே நிலவமைப்பைக் காட்டுகின்றன.

முடிவுரை

செமீதா என்றொரு மனிதர் வாழ்ந்தாரா என்பதைப் பானையோடுகள் மெய்ப்பிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர் பெயரால் ஒரு நிலப்பகுதி வழங்கியதையே அவை உறுதிசெய்கின்றன. ஆகவே, மனாசேயின் வம்ச அட்டவணை முன்னோர் பட்டியலாக மட்டுமின்றி, இன்னார்க்கு இன்ன நிலம் என்று வரையறுத்த உரிமைப் பதிவாகவும் வாசிக்கத்தக்கது என்பது பெறப்படுகிறது.