கார் கொட்டகையில் ஆகாய விமானம்!

அமெரிக்காவில் சிலர் வீட்டுக் கார் கொட்டகையிலேயே ஆகாய விமானம் கட்டுகிறார்கள்!

ஓரிகன் மாநிலத்தில் 1973-ல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் தொடங்கிய கம்பெனி, விமானப் பாகங்களைப் பெட்டிகளில் அனுப்புகிறது. விமானத்தின் உடல் மெல்லிய அலுமினியத் தகடு. அதில் துளைகள் தயாராக இருக்கும். ஆணி அறைவதுதான் பெரிய வேலை. கணவன் வெளியே இருந்து காற்றுச் சுத்தியலால் அடிப்பார். மனைவி உள்ளே இரும்புக் கட்டையை அண்டை கொடுத்துப் பிடிப்பார். ஆணி கோணினால் அகற்றிவிட்டு வேறு அறைய வேண்டும். உயிர் விஷயம் அல்லவா!

பாதிக்கு மேற்பட்ட வேலை, தொழிலுக்காக அல்லாமல் ஆர்வத்தால் கட்டுவோர் கையாலேயே நடக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதிகாரிகள் பார்வையிட்ட பிறகும், வழக்கமாக 25 முதல் 40 மணி நேரம் வெள்ளோட்டம் உண்டு. அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது.

கட்டை பிடித்த மனைவியும் காத்திருக்க வேண்டியதுதான்!