செவுள் நுனியில் ஒரு செம்பொட்டு

ஜூன் மாதம் கனடாவின் ஒன்டாரியோ ஏரிக்கரைகளில் நின்று பார்த்தால், முழங்கால் ஆழத் தண்ணீருக்கடியில் தாம்பாளம் போல வட்டக் குழிகள் தெரியும். குழிக்கு ஒன்றாக, உள்ளங்கை நீள மீன் காவல் நிற்கும். வாலால் சரளையை விசிறிக் குழியைத் தோண்டியதும் அதுவே. பெயர் பம்ப்கின்சீட்: பூசணி விதை. தட்டையான உடலைப் பார்த்தால் பெயரின் காரணம் புரிந்துவிடும்.

சன்ஃபிஷ் குடும்பத்து மீன்களை இனம்பிரிப்பது எளிதல்ல. ஒன்றுக்கொன்று சாயல் உண்டு, கலப்பினங்களும் பிறக்கின்றன. உடல் நிறத்தை மட்டும் நம்பாமல், செவுள்மூடியின் பின்முனையில் காது போல நீளும் மடலைப் பாருங்கள். கருமடலின் நுனியில் செம்பொட்டும், கன்னத்தில் நெளியும் நீலக் கோடுகளும் இருந்தால் அது பம்ப்கின்சீட். மடல் முழுக்கக் கறுத்து, முதுகுத்துடுப்பின் பின்பகுதியில் கருந்திட்டு இருந்தால் புளூகில். வாய் பெரிதாகவும் மார்புத்துடுப்பு குட்டையாகவும் இருந்தால் கிரீன் சன்ஃபிஷ்.

வெளியே தெரியாத இன்னோர் அடையாளம் தொண்டைக்குள் இருக்கிறது. அங்கே இரண்டாவது தாடை ஒன்று. அதில் கடைவாய்ப்பல் போன்ற மொட்டைப் பற்கள். நத்தையை அதில் வைத்து நொறுக்கி, ஓட்டைத் துப்பிவிட்டுச் சதையை விழுங்கும். மிச்சிகன் ஏரிகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நத்தை மலிந்த ஏரி மீன்களுக்கு இந்தத் தாடைத்தசை பெருத்திருப்பதைக் கண்டார்கள். உழைப்புக்கேற்ப உடம்பு வளர்கிறது.

ஆனால் முன்வாய் மிகச் சிறியது. பெரிய தூண்டில் முள்ளில் முழுப் புழுவைக் கோத்தால் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும். 8 அல்லது 10-ஆம் எண் முள், விரற்கடை அளவு மண்புழுத் துண்டு, மெல்லிய நரம்பு, சிறு தக்கை போதும். பகலில், நீர்ச்செடிகளின் ஓரமாகப் போடுங்கள். தக்கை இரண்டு முறை துடித்துப் பக்கவாட்டில் நகரும்போது மணிக்கட்டை லேசாக உயர்த்துங்கள். கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவிப் பிடித்தால் முதுகு முட்கள் மடங்கும். மீனின் சளிப்படலமும் கலையாது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்த மீன், அங்குள்ள நீர்நிலைகளில் பெருகியது. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே பிடித்ததை மீண்டும் தண்ணீரில் விடக்கூடாது.

பிறந்த மண்ணில் கதை வேறு. குழியின் மேல் நிற்பது ஆண்மீன். முட்டைகள் பொரிந்த பிறகும் சில நாள் காவல் காக்கும். விலகிப்போகும் குஞ்சை வாயில் கவ்விவந்து கூட்டில் விடும். அருகில் எது வந்தாலும் பாயும் என்பதால் தூண்டிலிலும் சுலபமாக மாட்டும். அதைத் தூக்கிய சற்று நேரத்தில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்னப் புகுந்துவிடும். ஆகவே அந்தக் காவற்காரனை விட்டுவிடுங்கள். பத்தடி தள்ளி, ஆழத்தில் தக்கையைப் போடுங்கள்.