சித்தப்பாவுக்கு ஓர் இருக்கை

அரியாங்குப்பத்தில் பிறந்த எங்களுக்கு ஆறும் படகும் புதியவை அல்ல. சங்கராபரணி ஆறு கடலைச் சேருமுன் பிரிந்து, அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் ஓடுகின்றது. நோணாங்குப்பத்துப் படகுத் துறையைப் பார்த்திராத தோழியர் நம்மில் குறைவு. எங்கள் வீட்டிலும் ஒரு பழைய கயாக் இருக்கின்றது.

கயாக் என்பது ஒருவர் கால் நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் வலித்துச் செல்லும் ஒடுக்கமான படகு. வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்தி அதனைச் செய்தனர். நாம் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல், அவர்கள் ஓட்டுபவரின் உடலை அளந்தே படகு கட்டினார்களாம்!

எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு வலக்கால் சூம்பிவிட்டது. 2014-இல் நம் நாடு போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அவர் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவர். கைகளில் நல்ல வலு உண்டு. ஆயினும் கயாக்கில் அமர்ந்தால் வலப்பக்கம் சதை இல்லாததால் உடல் சாயும், படகும் சாயும். சிறிது நேரத்தில் கால் மரத்துவிடும். “நான் கரையிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் பாப்பா, அது போதும்” என்பார். அவருக்கென்று ஓர் இருக்கை செய்ய, கோடை விடுமுறையில் நானும் அப்பாவும் முனைந்தோம்.

முதலில் மெத்தைப் பஞ்சை வைத்தோம். அது தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிட்டது. அதன் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதே காரணம். ரப்பர்ச் செருப்பின் அடியட்டையிலோ ஒவ்வொரு கண்ணறையும் மூடியிருக்கும். நீர் புகாது, மிதக்கும். ஆகவே அதைப் போன்ற ஃபோம் அட்டையை, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வாங்கினோம்.

அடுத்து, மெத்தென்று இருக்கட்டுமென ஆறு அடுக்கு வைத்தோம். படகு தள்ளாடியது! உட்காரும் உயரம் கூடினால் புவியீர்ப்பு மையமும் மேலே செல்கின்றது; படகு எளிதில் கவிழும். ஆகவே மூன்று அடுக்கே போதுமென்று முடிவு செய்தோம்.

வலப்பக்கத்தை எவ்வளவு உயர்த்துவது? சித்தப்பாவைத் தட்டையான பலகையில் அமர்த்தி, இரு தோள்களும் சமமாகும் வரை வலப்பக்கத்தின் கீழே பழைய செய்தித்தாள்களை மடித்து வைத்தோம். அதன் கனத்தை அளந்தோம், இரண்டு சென்டிமீட்டர்! அந்த அளவுக்கு வலப்பக்கம் மட்டும் கூடுதல் அட்டை சேர்த்தோம். முன்விளிம்பைச் சற்று உயர்த்தித் தொடைகளைத் தாங்கச் செய்தோம். பாரம் ஓரிடத்தில் அழுத்தாமல் பரவினால் கால் அவ்வளவு விரைவில் மரத்துப்போகாது.

நீண்ட மெல்லிய கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்தோம். ஒட்டுமுன் ஆழமற்ற நீரில் அமர்த்திச் சோதித்தோம். பின்னர் செருப்புக்குப் பயன்படும் பசையை இரு முகங்களிலும் தடவி, அது விரலில் ஒட்டாத அளவு உலர்ந்தபின் அழுத்தினோம். அந்தப் பசை தீப்பற்றும். அதன் நெடியும் தீங்கானது. ஆதலால் திறந்த வெளியிலேயே இவ்வேலையைச் செய்யவேண்டும். இருக்கையோடு ஒருவரைக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. படகு கவிழ்ந்தால் உடனே வெளியேற முடியவேண்டும் அல்லவா? உயிர்காப்பு அங்கியும் கட்டாயம் தேவை.

இத்தகைய படகோட்டம் 2016 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுகின்றது. குவாலியர் நகரைச் சேர்ந்த பிராச்சி யாதவ், 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிப் போட்டிவரை சென்றார். 2023-இல் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். இதனைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, “எனக்கு அக்கரை போதும்” என்று சிரித்தார்.

ஒரு ஞாயிறு மாலை, அப்பா வேறொரு படகில் உடன்வர, சித்தப்பா சாயாமல் அமர்ந்து துடுப்பு வலித்தார். அக்கரை சேர்ந்ததும் எங்களை நோக்கித் துடுப்பை உயர்த்திக் காட்டினார். எப்போதும் கரையில் எங்களுக்காகக் காத்திருப்பவர் அவர். அன்று அவருக்காக நாங்கள் காத்திருந்தோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி